சாருக்கு வானம், மாமிக்குக் கதை

வெங்கட்ரமணன் சாருக்குப் பொறாமைப்படத் தெரியும் என்பதே எனக்கு வியாழன் கிரகத்தால்தான் தெரியவந்தது. அதற்கு முன்னால் அவரை ஒரு பச்சைத்தண்ணீர் மனிதர் என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் புதுக் கார் வாங்கினால் முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்குவார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் அவரைத் தாண்டிப் பெரிய பதவிக்குப் போனபோது ஸ்வீட் பாக்ஸோடு போய் வாழ்த்திவிட்டு வந்தாராம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, தாலி கட்டிய மனைவியைப் பார்த்து வயிறு எரிந்தது.

நான் மதுரைக்காரி, பிழைப்பது தெலுங்கு ஊரில். பெயர் சுபாஸ்ரீ. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, ராமச்சந்திராபுரத்தில் வீடு. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அதாவது தண்ணீர் லாரி வராவிட்டால் திட்டு வாங்குகிறவள். சாரும் லலிதா மாமியும் எதிர் வீடு. அவர்கள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுவரை எனக்குக் கேட்கும் என்பதால், இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சாருக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. படிப்பு முடித்த கையோடு இங்கே இருக்கும் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவர். பரிசோதனைப் பிரிவு. செய்து முடித்த பாகத்தை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிற வேலை. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். வாழ்நாள் முழுக்கப் பிசகு கண்டுபிடித்தே பழகியவர் மனைவி வைக்கும் ரசத்தை மட்டும் எப்படி விட்டுவைப்பார். அதிலும் கண்டுபிடிப்பார்.

குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவருக்கு வானப் பித்துப் பிடித்தது. கண்ணாடியைத் தன் கையாலேயே மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றி, இடுப்பளவு உயரக் குழாயின் அடியில் பொருத்தி, ஒரு டெலஸ்கோப் செய்தார். ரிட்டையர் ஆகி இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது மற்ற சாமான்களை லாரியில் ஏற்றினாராம். அந்தக் குழாயை மட்டும் ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு வந்தாராம். மேகம் இல்லாத மாலை என்றால் மொட்டை மாடிதான். பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் குவியத் தூரம் சொல்வார். பிறகு கண்ணாடியின் விட்டம். பிறகு பிம்பம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது, பார்க்கும் ஓட்டை ஏன் பக்கவாட்டில் இருக்கிறது என்ற விளக்கம். அதற்குப் பிறகுதான் பார்க்க விடுவார். பார்த்தவர்கள் "ஓ" என்பார்கள். மரியாதைக்கு இன்னொரு "ஓ". அப்புறம் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து இறங்கிப் போய்விடுவார்கள்.

அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. வானத்தில் ஒரு சந்தேகம் என்றால் கட்டடத்தில் எல்லாரும் அவரிடம்தான் வர வேண்டும். கிரகணம் எத்தனை மணிக்கு, மேலே போவது விமானமா நட்சத்திரமா, எல்லாம் அவர்தான். ரிட்டையர் ஆனபின் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி அது.

அந்தப் பதவிக்குத்தான் ஒரு நாள் சாயங்காலம் ஆபத்து வந்தது. சார் டெலஸ்கோப்பில் வியாழனை வைத்துவிட்டுக் குவியத் தூரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி காபி ஃபிளாஸ்கோடு மேலே வந்தார். மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, "நாம குருன்னு சொல்றதை இங்கிலீஷ்ல ஏன் ஜூபிடர்ங்கறாங்க?" என்று சும்மா கேட்டாள். சார் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"ரோம்ல ஜூபிடர்தான் தேவர்களுக்கு ராஜா. நம்ம ஊர்ல குரு தேவர்களுக்கு வாத்தியார். அங்க ராஜா, இங்க வாத்தியார், அவ்வளவுதான் வித்தியாசம். அவா இவாளைப் பாத்ததில்லை, இவா அவாளைப் பாத்ததில்லை. ஆனா ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துட்டு, இது யாரோ பெரிய மனுஷன்னு முடிவு பண்ணியிருக்கா. பாரேன், மினுக்கறதில்லை, அவசரப்படறதில்லை. ஒரு ராசியைக் கடக்க ஒரு வருஷம். பெரிய மனுஷா நடை அப்படித்தானே இருக்கும்."

அன்றைக்கு ஒருவருக்கும் அடுப்பில் பால் ஞாபகம் வரவில்லை. புதனுக்கு ஏன் மெர்குரி என்று கேட்டார்கள். வானத்தில் அவன்தான் வேகமாக ஓடுகிறவன், அதனால் ரோமில் தேவர்களின் தூதுவன் பெயரை வைத்தார்கள் என்றார் மாமி. நம் புதனின் கதையையும் சொன்னார்: குருவின் மனைவி தாரையைச் சந்திரன் கவர்ந்து போனதும், தாரைக்குப் பிறந்த குழந்தை யாருடையது என்று குருவும் சந்திரனும் மல்லுக்கு நின்றதும். பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காபி காலியானது. டெலஸ்கோப் பக்கம் யாரும் திரும்பவில்லை. சார் குழாய்க்கு மூடியைப் போட்ட சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

மாமிக்கு இந்தக் கதையெல்லாம் வந்த வழி நேரானதுதான். பிறந்தது கஞ்சனூர், சுக்கிரனுக்குப் பேர்போன கோயில் இருக்கிற ஊர். சுற்றிலும் பஸ் ஏறினால் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு ஊர். தோஷம் கழிக்க வருகிறவர்களுக்கு வழி சொல்லியே வளர்ந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபின் டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நூலகம் பார்த்துக்கொண்டார். புத்தகம் கேட்டு யாரும் வராத மத்தியானங்களில் ரோமாபுரிக் கதைகளைப் படித்துத் தீர்த்திருக்கிறார். சொல்வது பாதி தெலுங்கு, கால்வாசி இந்தி, மீதி கையசைப்பு. கேட்டவர்களுக்குப் புரியாமல் போனதே இல்லை.

அதற்குப் பிறகு சார் சும்மா இருக்கவில்லை. மாமி கதை ஆரம்பித்தால், "அது புராணம், இது வானம், ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே" என்று குறுக்கே விழுவார். ஃபிளாஸ்க் வந்தால் காபியில் டிகாஷன் போதாது என்பார். ஒரு தடவை மாமி கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். வந்தவர்கள் குவியத் தூரத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "மேடம் எப்போ வருவாங்க?" என்று கேட்டார்கள்.

"கதை சொல்றதுக்கு டெலஸ்கோப் எதுக்கு, சொல்லு. ஒரு பாயும் ஒரு தலகாணியும் போறுமே" என்று என்னிடம் பொருமினார்.

"உங்களுக்குத்தான் எல்லா விவரமும் தெரியும்ல சார், நீங்களும் ஒரு கதையைச் சொல்லிப் பாருங்களேன்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

மறுவாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கு மார்ஸ் என்று பெயர் வந்த கதை. "செவ்வாய் ஏன் செவப்பா இருக்குன்னா, அதோட மண்ணுல இரும்பு ஆக்சைடு…" என்று ஆரம்பித்தார். எங்கள் மாடி வந்து கதவு திறந்தபோதும் கதை துருவிலேயே நின்றது. யுத்த தேவனோ ரத்தமோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கே அது தெரிந்தது. பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஜனவரி வந்தது. ஒரே நேரத்தில் வானத்தில் எல்லாக் கிரகங்களும் தெரியப்போகின்றன, அணிவகுப்பு என்று வாட்ஸப்பில் ஆளுக்கொரு செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். சங்கராந்தி முடிந்ததும் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் விழா வைக்கலாம் என்று சங்கத்தில் முடிவானது. சங்கத் தலைவர் வாசுதேவ ராவ், "லலிதா மேடம் மாட்லாடாலி. மிஷின் சார் சூஸ்குன்டாரு" என்றார். மேடம் பேச வேண்டும், மெஷினைச் சார் பார்த்துக்கொள்வார். கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். சொல்லிவிட்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கதவைத் திறந்தது சார்தான். சேதி அவருக்கு முன்பே வந்திருக்க வேண்டும், பாதி மட்டும். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"வா வா. நானே வரணும்னு இருந்தேன். எவ்வளவு நேரம் பேசணும்? முக்கால் மணி போறுமா?"

"மாமி இருக்காங்களா சார்?" என்றேன்.

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. உள்ளே போய் மாமியைக் கூப்பிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி சிரித்தார். சார் அடுத்த அறையிலிருந்து, "டெலஸ்கோப்பைக் கழட்டி வெச்சிருக்கேன். கண்ணாடியில தூசி. இந்த மாசம் ஆகாது" என்றார்.

டெலஸ்கோப் இல்லாமல் என்ன விழா. நான் கெஞ்சினேன். வாசுதேவ ராவ் வந்து கெஞ்சினார். ஒரு வாரம் அந்த வீட்டில் இரண்டு பேரும் நவகிரகம் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சார் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. எந்தக் கிரகம், எந்த வரிசை என்பதை அவர்தான் முடிவு செய்வார். முன்கூட்டி யாருக்கும் சொல்ல மாட்டார்.

"சரி. அவர் எதைக் காட்டறாரோ அதுக்கு நான் சொல்றேன்" என்றார் மாமி. அந்த நிதானம்தான் சாருக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

விழா நாளன்று இருட்டத் தொடங்கியதுமே மாடி நிறைந்துவிட்டது. சங்கராந்திக்கு விட்டு அறுந்த பட்டங்கள் தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் சிக்கிக் கிடந்தன. மேற்கே சுக்கிரன் விளக்குப் போட்டதுபோல் நின்றது. சார் முதலில் அதை வைத்தார். டெலஸ்கோப்பில் அது வட்டமாகத் தெரியாது. அந்த மாதம் அரை நிலாபோல் பாதிதான் தெரிந்தது. பார்த்தவர்கள் "பாதிதான் இருக்கு" என்று குழம்பினார்கள். மாமி மைக்கை வாங்கினார்.

"ரோம்காரா இதுக்கு வீனஸ்னு பேர் வெச்சா. அழகு தேவதை. வானத்துல இதைவிட ஜொலிக்கறது வேற எது. நம்மவா அசுரர்களோட வாத்தியார் சுக்கிராச்சாரியார் பேரை வெச்சா. அவருக்கு ஒரு கண் கிடையாது. மகாபலி தானம் கொடுக்கறச்சே வண்டா மாறி கமண்டலத்து வாயை அடைச்சார், வாமனன் தர்ப்பையால குத்திட்டார். பாதிதான் தெரியறதேன்னு பாக்கறேளா? இருக்கறது ஒரு கண்தானே."

கைதட்டல். சூரிய ஒளி விழும் கோணம்தான் காரணம் என்று சார் சொன்னது அதில் மூழ்கிப்போனது.

அவர் சட்டென்று குழாயைக் கீழே திருப்பிச் சனியை வைத்தார். இங்கேதான் மாமி மாட்டிக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஏழரை நடக்கிறவர்கள் நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு அம்மாள் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். சனியை நேருக்கு நேர் பார்க்கலாமா, பார்வை பட்டுவிடாதா. வாசுதேவ ராவே தனக்கு ஃபோன் வந்ததுபோல் ஒதுங்கினார். சார் உதட்டோரம் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாமி மைக்கோடு டெலஸ்கோப் பக்கத்தில் போனார். "கோயில்ல சனீஸ்வரனை எப்படிக் கும்பிடுவோம்? எதிர்ல நிக்காம பக்கவாட்டுல நின்னுதானே? இங்க வந்து பாருங்கோ. குழாய் அவரைப் பாக்கறது. நாம பாக்கற ஓட்டை பக்கவாட்டுல இருக்கு. கண்ணாடியில விழற நிழலைத்தான் பாக்கப்போறோம். இதுல என்ன தோஷம்?"

இது சரிதானே என்று எல்லாருக்கும் பட்டது. ஏழரைக்காரர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். மெலிந்த கோடாகத் தெரிந்த வளையத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குள் மாமி, வானத்தில் அது நகர்வதே தெரியாது, அதனால் நாம் கால் ஊனமான சனி என்றோம், ரோம்காரர்கள் ஜூபிடரின் கிழட்டு அப்பா சேட்டர்ன் என்றார்கள், பெற்ற பிள்ளைகள் தன் பதவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர்களை விழுங்கிய அப்பா என்று சொல்லிக்கொண்டு போனார். சார் பல்லைக் கடித்தபடி நின்றார். பக்கவாட்டு ஓட்டைக்கு அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன காரணம் ஒருவர் தலையிலும் ஏறவில்லை. மாமி சொன்ன காரணம் கட்டடத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் எரிந்திருக்கும்.

வியாழன், செவ்வாய் இரண்டிலும் அதே கதைதான். அப்புறம் சார் குழாயை உச்சியை நோக்கித் தூக்கினார். அங்கே ஒன்றும் பிரகாசமாக இல்லை. குனிந்து தேடினார், நகர்த்தினார், மறுபடி தேடினார். நெற்றி வியர்த்தது. பிறகு நிமிர்ந்து, அன்று மாலை முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினார்.

"யுரேனஸ். இப்போ சொல்லச் சொல்லுங்கோ."

மாமியைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எங்களிடம் சொல்வதுபோல. மாமி மைக்கைப் பிடித்தபடி நின்றார். கஞ்சனூரைச் சுற்றி யுரேனஸுக்கு ஊர் இல்லை. நவகிரகத்தில் அதற்கு இடம் இல்லை. எனக்குச் சார்மேல் கோபம் வந்தது. ஒரு பெண்ணை, அதுவும் சொந்த மனைவியை, இத்தனை பேர் முன்னால் இப்படியா நிறுத்துவது.

மாமி மைக்கை அவரிடம் நீட்டினார். "எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு மட்டும்தான் கதை. இது உங்களோடது. நீங்களே சொல்லுங்கோ."

சார் வாங்கினார். இதற்காகவே அவர் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. குவியத் தூரம் இல்லை, ஆக்சைடு இல்லை. இங்கிலாந்தில் ஒரு சங்கீதக்காரர், தானே கண்ணாடி தேய்த்து டெலஸ்கோப் செய்தவர், வீட்டுத் தோட்டத்தில் நின்று இதைக் கண்டுபிடித்த கதையைத் தெலுங்கில் சொன்னார். மனித குலம் அதுவரை அறிந்த கிரகங்களோடு ஒன்று கூடிவிட்டது. அவர் தன் ராஜாவின் பெயரை இதற்கு வைக்கப் பார்த்தார். மற்ற தேசத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா, உன் ராஜா எங்களுக்கு என்ன உறவு என்று பொங்கிவிட்டார்கள். கடைசியில் ஒருவர் சொன்ன யோசனை நின்றது. மார்ஸுக்கு அப்பா ஜூபிடர், ஜூபிடருக்கு அப்பா சேட்டர்ன், அப்படியானால் அதற்கு அப்பால் இருப்பது சேட்டர்னின் அப்பாவாகத்தானே இருக்க வேண்டும். அவர்தான் கிரேக்கர்களின் ஆகாசக் கடவுள் யுரேனஸ். பிள்ளைகளைக் கண்டாலே ஆகாமல், அவர்கள் வெளிச்சத்துக்கே வரக்கூடாது என்று பூமிக்குள் அடைத்து வைத்தவர். "பரம்பரை பரம்பரையா வயித்தெரிச்சல்" என்று சொல்லி முடித்தார் சார்.

ஒருவர்கூட நகரவில்லை. முடிந்ததும் மாமிக்குக் கிடைத்ததைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். வாசுதேவ ராவ் விசில் அடித்தார். சார் முகம் சிவந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். அதைப் பார்க்க வேண்டியவர் ஒருவர்தான்; சார் மைக்கைப் பிடித்தபடியே மாமியைத் தேடித் திரும்பினார்.

மாமி டெலஸ்கோப்பில் குனிந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையால் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழாயைத் தொடாமல் பயந்து பயந்து. கைதட்டலுக்கும் நிமிரவில்லை.

சார் பக்கத்தில் போனார். "எப்படி இருந்தது?" என்றார். தன் பேச்சைத்தான் கேட்டார்.

"கடுகு மாதிரி இருக்கு. பச்சையா, நீலமான்னு சொல்லத் தெரியலை" என்றார் மாமி, கண்ணை எடுக்காமல். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று தெரிந்தது. "ஏன்னா, இத்தனை வருஷமா நீங்க மாடியில இதையா பாத்துண்டிருந்தேள்?"

சார் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஒரு நாள்கூட என்னை வந்து பாருன்னு சொல்லலையே. வந்தவா போனவா எல்லாரையும் கூப்பிட்டேள். நான் காபியை வெச்சுட்டு நிப்பேன், நீங்க மூடியைப் போட்டுடுவேள். கீழ காய் நறுக்கிண்டு, அங்க என்ன தெரியும், எப்படி இருக்கும்னு நானா ஒரு கதை நெனச்சுப்பேன். உங்களை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்குன்னா. எப்பவும் இருந்துது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சார் கையில் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. மாடி முழுக்கக் கேட்டது. தமிழ் வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். வருஷக்கணக்காக எதிர் வீட்டில் இருந்துகொண்டு, குக்கர் விசிலை எண்ணிய எனக்கு இது தெரியவில்லை.

"போயிடுத்து, காணலை" என்றார் மாமி பதறி.

"பூமி சுத்தறதோல்லியோ, நகந்துண்டே இருக்கும்" என்று சொல்லிச் சார் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, குழாயை ஒரு விரலால் தள்ளினார். "இப்போ?"

"ம்."

கொஞ்சம் கழித்து மறுபடி தள்ளினார். பின்னால் வரிசை தண்ணீர்த் தொட்டிவரை நின்றது. யாருக்கும் குரல் கொடுக்கத் தைரியம் வரவில்லை. தமிழ் தெரியாத வாசுதேவ ராவ் என் காதருகே வந்து, மேடம் என்ன சொன்னார், எல்லாரும் ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

"கொஞ்ச நேரம் ஆகுமாம் சார். எல்லாரும் வெயிட் பண்ணணுமாம்" என்றேன்.